வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தால் நேபாள மாணவிக்கு விசா கிடைக்கும்?

கோயம்புத்தூரில் உங்களிடம் வேதியியல் படித்து முடிக்கப்போகும் ஒரு நேபாள மாணவிக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ஊர் நவல்பராசி. அப்பா கத்தாரில் வேலை செய்கிறார், அம்மா ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். முதுகலைக்கு ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவோ போக ஆசை. வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும், சென்னையிலிருந்தே விண்ணப்பிக்கலாமா என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். காத்மாண்டுவில் ஒரு கன்சல்டன்சி, அதாவது வெளிநாட்டுப் படிப்புக்கு மாணவர்களை அனுப்பும் தனியார் ஆலோசனை நிறுவனம், “எல்லாத் தாள்களையும் நாங்களே தயார் செய்துவிடுவோம், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்” என்று சொல்லியிருப்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். கோப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்றால், இருக்க முடியாது. காரணம், மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லும்போது தானாகவே விளங்கும்.

நான் காத்மாண்டுவில் சில ஆண்டுகள் மாணவர் சேர்க்கை ஆலோசகராக இருந்தேன், இப்போது இந்தியாவில் அதே வேலை. குடிவரவு வழக்கறிஞர் அல்ல. விதி என்று நான் சொல்பவை அந்தந்த அரசுகள் வெளியிட்டிருப்பவை, அவற்றை நம்பலாம். அதிகாரி ஒரு கோப்பை எப்படிப் படிக்கிறார் என்பது பல கோப்புகளையும் நிராகரிப்புக் கடிதங்களையும் பார்த்து நான் சேர்த்துக்கொண்ட கணிப்பு மட்டுமே. அதை எழுதும்போது கணிப்பு என்றே சொல்கிறேன். கட்டணங்கள் 2025 நிலவரப்படி தந்திருக்கிறேன். பணம் கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், நம் மாணவர்களுக்கு இல்லாத ஒன்று அவளுக்கு உண்டு. நேபாளக் கல்வி அமைச்சகம் தரும் தடையில்லாச் சான்று, எல்லோரும் என்.ஓ.சி. என்றே சொல்வார்கள். எந்த நாடு, எந்தக் கல்வி நிறுவனம், எந்தப் படிப்பு என்று குறிப்பிட்டே அதைத் தருவார்கள். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் நேபாள ரூபாயில் 2,000. 1993 முதல் நம் ஒரு ரூபாய் அவர்களுடைய 1.60 ரூபாய்க்குச் சமமாக நிலைநிறுத்தப்பட்டிருப்பதால் நம் கணக்கில் 1,250. விசா வாங்க இது வேண்டும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். ஆஸ்திரேலியாவோ அமெரிக்காவோ இதைக் கேட்பதில்லை. நேபாள வங்கிதான் கேட்கும்: என்.ஓ.சி. இல்லாமல் கல்விக் கட்டணத்துக்கு வெளிநாட்டுச் செலாவணி தராது. காத்மாண்டுவின் திரிபுவன் விமான நிலையத்தின் குடிவரவு மேசையிலும் மாணவர் விசாவோடு இதைப் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கு முதல் தவணைக் கட்டணத்தைக் கட்டினால்தான் சேர்க்கை உறுதிச் சான்று வரும், அது வந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். ஆகவே அவள் விஷயத்தில் என்.ஓ.சி. விசாவுக்கு முன்னால் வரும் வேலை. நாட்டை மாற்றினால் இன்னொரு என்.ஓ.சி. வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இந்தச் சான்று வழங்கப்படுகிறது என்பதை நினைத்தால், மூன்று கோடிக்குக் கிட்டத்தட்ட மக்கள்தொகை உள்ள ஒரு நாட்டில் இந்தப் புறப்பாடு எவ்வளவு பெரியது என்று தெரியும். இந்தியாவில் படித்தவளாதலால், அவளுடைய பட்டத்துக்கு நேபாளத்தில் சமகக்ஷதா என்ற இணைச் சான்றும் கேட்கப்படலாம். ஊருக்குப் போகும்போது இதையும் விசாரித்து வரட்டும்.

சென்னையா, காத்மாண்டுவா? ஆஸ்திரேலிய விண்ணப்பம் முழுக்க இணையவழி, எங்கிருந்தும் போடலாம். விரல்ரேகையும் மருத்துவப் பரிசோதனையும் தமிழ்நாட்டிலேயே கொடுக்கலாம். ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த நாட்டின் காவல்துறைச் சான்றை அவர்கள் கேட்க இடமுண்டு, ஆகவே நேபாளத்தோடு இந்தியாவிலிருந்தும் ஒன்று தேவைப்படலாம். அமெரிக்காவுக்கு 2025 செப்டம்பரிலிருந்து விதி இறுகிவிட்டது. தன் நாட்டிலோ, தான் வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குப் போக வேண்டும். அவள் கோயம்புத்தூரில் வசிப்பவள் என்பதால் சென்னைத் துணைத் தூதரகத்தை அணுகத் தடையில்லை, ஆனால் வசிக்கிறாள் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவளுடையது. படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்த பிறகு அந்தக் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். என் சொந்த விருப்பம் காத்மாண்டு, மகாராஜ்கஞ்சில் உள்ள தூதரகம். வார்டு அலுவலகம் என்னும் உள்ளாட்சி அலுவலகம் தரும் சான்று என்றால் என்ன, கத்தார் வேலைக்கு எடுத்த தொழில் அனுமதி என்றால் என்ன என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் விசா கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று நான் சொல்லவில்லை, விளக்கும் வேலை குறையும் என்று மட்டும் சொல்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல். இந்திய விமான நிலையத்திலிருந்து மூன்றாம் நாட்டுக்குப் பறக்கும் நேபாளிகளிடம், குறிப்பாக வளைகுடா போகிறவர்களிடம், டெல்லியிலுள்ள நேபாளத் தூதரகத்தின் கடிதத்தைக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அதையும் என்.ஓ.சி. என்றே அழைக்கிறார்கள். கல்வி அமைச்சகம் தருவது வேறு, இது வேறு. மாணவர்கள் எல்லோரிடமும் கேட்கிறார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத்தில் கேட்டுவிடுவது நல்லது. காத்மாண்டுவிலிருந்து கிளம்பினால் இந்தத் தலைவலியே இல்லை.

இனி பணம். ஆஸ்திரேலியாவுக்கு 2024 மே மாதத்திலிருந்து ஓராண்டு வாழ்க்கைச் செலவாகக் காட்ட வேண்டிய தொகை 29,710 ஆஸ்திரேலிய டாலர். அதோடு முதலாண்டுக் கல்விக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பகுதி, பயணச் செலவு. வாழ்க்கைச் செலவு மட்டுமே நேபாள ரூபாயில் இருபத்தைந்து லட்சத்தைத் தாண்டிவிடும். அமெரிக்காவுக்குப் பொதுவான ஒரு தொகை இல்லை. பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் ஓராண்டுச் செலவு அச்சிடப்பட்டிருக்கும், உதவித்தொகை கிடைத்தால் அதுவும் கழித்துக் காட்டப்பட்டிருக்கும். மிச்சத்துக்கு முதலாண்டில் கையில் பணமும், அடுத்த ஆண்டுகளுக்கு நம்பத்தக்க வழியும் வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கு நேரடிப் பதில் இவ்வளவுதான்.

ஆனால் தொகை சரியாக இருந்தும் நிராகரிக்கப்பட்ட கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்கு விவரத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாவின் கணக்கில் மாதம் அறுபதாயிரம் வருகிறது, அதில் நாற்பது, ஐம்பது போகிறது. இப்படியே ஓராண்டு ஓடுகிறது. திடீரென ஒரு செவ்வாய்க்கிழமை முப்பத்தைந்து லட்சம் வந்து விழுகிறது. வியாழக்கிழமை வங்கியிலிருந்து இருப்புச் சான்று வாங்கப்படுகிறது. அந்தச் சான்றில் பொய் ஏதுமில்லை, வங்கி உண்மையான முத்திரையைத்தான் குத்தியிருக்கிறது. ஆனால் அது ஒருநாள் இருப்பைத்தான் சொல்லும், கணக்கு விவரம் ஓராண்டைச் சொல்லிவிடும். படிப்பவருக்கு எழும் கேள்வி ஒன்றே: இந்தச் செவ்வாய்க்கிழமை யாருடையது? நிலம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம் எங்கே, மாமா கொடுத்தது என்றால் மாமாவின் வருமானம் எங்கே என்று கேள்வி நீளும். பதில் தாளில் இல்லையென்றால், கந்துக்காரரிடம் சில வாரங்களுக்கு வட்டிக்கு வாங்கிப் போட்டது என்றே முடிவு கட்டுவார்கள். அப்படி வாங்கிப் போடுவது காத்மாண்டுவில் ஊரறிந்த வழக்கம், தூதரகங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? வங்கிக்கு ஆள் விட்டும் தொலைபேசியிலும் சரிபார்க்கிறார்கள்.

அவள் அப்பா கத்தாரில் இருப்பது பலவீனம் என்று கன்சல்டன்சி சொல்லியிருக்கக்கூடும், பலர் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வளைகுடாச் சம்பளம் மிகத் தெளிவாகக் காட்டக்கூடிய வருமானம். வேலை ஒப்பந்தம், நேபாள அரசின் தொழில் அனுமதி, கத்தார் அடையாள அட்டை, நிறுவனத்தின் சம்பளச் சான்று, கத்தார் வங்கிக் கணக்கு விவரம், நேபாளத்துக்கு அனுப்பிய ரெமிட்டன்ஸ் ரசீதுகள் ஆகிய ஆறும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். அங்கே வங்கியில் ஏறிய சம்பளம், இங்கே அம்மா கணக்கில் வந்த தொகை, இரண்டுக்கும் நடுவில் ரசீது என்று வரிசைப்படுத்தினால் அதிகாரிக்குச் சந்தேகப்பட இடமே இராது. சிக்கல் எங்கே வருமென்றால், பணம் வங்கியைத் தவிர்த்து ஆட்கள் மூலம் கைமாறும் உண்டியல் வழியாக வந்திருந்தால். கூடுதல் விலை கிடைக்கிறது, வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருகிறார்கள் என்று ஏராளமான குடும்பங்கள் அப்படித்தான் வாங்கியிருக்கும். உழைத்துச் சம்பாதித்த பணமே என்றாலும் தாளில் அதற்கு அடையாளம் இல்லை. அப்படியானால் இன்றைக்கே அதை நிறுத்திவிட்டு முறையான வழியில் அனுப்பத் தொடங்கட்டும். விண்ணப்பம் ஓர் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

நிலத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. பொறியாளரை வைத்து மதிப்பீடு செய்து, பட்டயக் கணக்காளர் கையெழுத்தோடு “மொத்தச் சொத்து மூன்று கோடி” என்று ஒரு அழகான தாள் தயார் செய்வார்கள். குடும்பத்துக்கு ஊரில் வேர் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. கல்விக் கட்டணம் கட்ட நிலத்தால் முடியாது. லால்புர்ஜா என்கிற நில உரிமைச் சான்றை அடமானம் வைத்து வணிக வங்கியில் கல்விக் கடன் வாங்கினால் அப்போது நிலம் பணமாகிறது. கடன் ஒப்புதல் கடிதத்தை ஆஸ்திரேலியா தாராளமாக ஏற்கிறது. சேமிப்பு கொஞ்சம், கடன் பெரும்பகுதி, வட்டியும் தவணையும் அப்பாவின் சம்பளத்துக்குள் அடங்குகிறது என்று காட்டும் கோப்பு, எங்கிருந்தோ குதித்த முப்பத்தைந்து லட்சத்தைவிட உறுதியானது என்பது என் கணிப்பு. ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: கடன் அல்லது வைப்புத்தொகை வணிக வங்கியில் இருக்கட்டும். சஹகாரி எனப்படும் கூட்டுறவு நிறுவனங்கள் பல நொடித்துப்போய் மக்கள் சேமிப்பை இழந்து தவிக்கும் காலம் இது. அவற்றின் தாள்களை வெளிநாட்டு அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

அங்கே போய்ப் பகுதிநேர வேலை பார்த்துக் கட்டணம் கட்டிவிடலாம் என்ற கணக்கைத் தயவுசெய்து போட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் படிப்பு நடக்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரம்பு. அமெரிக்காவில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மட்டும், வாரம் 20 மணி நேரம். அது மளிகைக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் ஆகும். விண்ணப்பத்தில் அதை நம்பியிருப்பதாக எழுதினால், நிதி போதவில்லை என்று அவளே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

இப்போது எல்லோரும் அலட்சியப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன், பெயரும் தேதியும் முகவரியும். நேபாளக் குடியுரிமைச் சான்றில் பிறந்த தேதி விக்ரம் சம்வத் என்னும் நேபாள நாட்காட்டியின்படி இருக்கும். நம் சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் அவர்களுடைய வைசாக முதல் நாளும் வருகிறது. நம் மாதங்களைப் போலவே அவர்களுடைய மாதங்களும் 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும், எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்பது ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். ஆகவே 57 ஆண்டைக் கழித்தால் போதும் என்று மனக்கணக்காக ஆங்கிலத் தேதிக்கு மாற்ற முடியாது. பள்ளியில் யாரோ கணக்குப்போட்டு எழுதிய தேதிக்கும் கடவுச்சீட்டில் உள்ள தேதிக்கும் ஒருநாள் இடிக்கும். பார்க்கச் சின்னதாகத் தெரியும் அந்த ஒருநாள், இரண்டு வேறு ஆட்களின் தாள்கள் என்ற ஐயத்தைக் கிளப்பிவிடும். நிதியாண்டும் அப்படியே, நடு ஜூலையில் தொடங்கி அடுத்த நடு ஜூலையில் முடிகிறது. 2081/82 என்று எழுதியிருக்கும் வரிச் சான்று 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரை. தூதரகத்தில் உள்ளவர்களுக்கு இது பழகியது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக் கோப்பைப் பார்க்கும் ஊழியருக்குப் பழகியிருக்க வேண்டிய அவசியமில்லை, எனவே மொழிபெயர்ப்பில் இரண்டு ஆண்டுக் கணக்கையும் போடச் சொல்லுங்கள்.

முகவரியில் உங்கள் மாணவிக்கென்றே ஒரு வம்பு காத்திருக்கிறது. 2015 அரசியலமைப்பு வந்தபோது நவல்பராசி மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதி ஒரு மாகாணத்திலும் மேற்குப் பகுதி இன்னொரு மாகாணத்திலும் போய்விட்டன. 2017-இல் பழைய கிராம வளர்ச்சிக் குழுக்களைக் கலைத்து நாடு முழுவதும் 753 உள்ளாட்சி அமைப்புகளாக்கினார்கள், வார்டு எண்களும் மாறின. அப்பாவின் குடியுரிமைச் சான்று பழைய மாவட்டம், பழைய கிராமம், பழைய வார்டு என்றிருக்கும். அவளுடையதும் நிலப் பத்திரமும் வேறு வேறு விதமாக இருக்கலாம். வார்டு அலுவலகத்தில் கேட்டால் பழைய முகவரியும் புதிய முகவரியும் ஒன்றே என்று சான்று தருவார்கள். பெயருக்கும் அப்படி ஒரு சான்று உண்டு. பள்ளிச் சான்றிதழில் நடுவில் ‘குமாரி’ என்று இருக்கும், கடவுச்சீட்டில் இருக்காது. அப்பாவின் ‘பகதூர்’ ஒரு தாளில் வரும், இன்னொன்றில் காணாமல் போகும். சௌத்ரி, ஸ்ரேஷ்டா போன்ற குடும்பப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத மூன்று நான்கு விதம் உண்டு. இரண்டும் ஒருவரே என்ற சான்று, உறவுமுறைச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, எல்லாமே வார்டு அலுவலகத்தில் கிடைப்பவை. அம்மா ஒருமுறை நேரில் போய் உட்கார்ந்தால் முடியும் வேலை. ‘நாங்களே தயார் செய்துவிடுவோம்’ என்பவர்கள் இந்த நடையை மிச்சப்படுத்தத்தான் குறுக்குவழிக்குப் போகிறார்கள்.

குறுக்குவழியின் விலையையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய விண்ணப்பத்தில் போலித் தாளோ தவறான தகவலோ இருந்தால் மூன்றாண்டுகளுக்கு விசா மறுக்கப்படும். கனடாவில் ஐந்தாண்டுகள். பிரிட்டனில் ஏமாற்று என்று தீர்மானித்தால் பத்தாண்டுகள் வரை. ‘எனக்குத் தெரியாமல் கன்சல்டன்சி வைத்துவிட்டது’ என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் விண்ணப்பதாரர் அவள், கையெழுத்து அவளுடையது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்ட கறை மற்ற நான்கிலும் கேள்வியாக வரும். ஆகவே ஆஸ்திரேலிய விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் அவள் கையில் இருக்க வேண்டும். பதிவேற்றிய ஒவ்வொரு கோப்பையும் அவள் திறந்து பார்க்க வேண்டும். இதற்கு மறுக்கும் கன்சல்டன்சியிடம் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

கன்சல்டன்சிகள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. புதலிசடக், பாக்பஜார், தில்லிபஜார் பக்கம் நடந்தால் கட்டடத்துக்குக் கட்டடம், மாடிக்கு மாடி அவற்றின் பலகைகள்தான். நேர்மையானவர்கள் அதில் நிறையவே இருக்கிறார்கள், நான் அவர்களோடு வேலை பார்த்தவன். ஆனால் அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். மாணவர் சேர்ந்தால் வெளிநாட்டுக் கல்லூரி கமிஷன் தருகிறது. கமிஷன் தராத நல்ல பல்கலைக்கழகத்தின் பெயர் அந்த மேசையில் அடிபடாது. எந்தெந்தக் கல்லூரியோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று நேராகக் கேட்கட்டும், நல்லவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். அமெரிக்காவுக்கு கன்சல்டன்சியே தேவையில்லை என்பது என் கட்சி. காத்மாண்டு ஞானேஸ்வரில் யூ.எஸ்.இ.எஃப் நேபாள், சென்னையில் யூ.எஸ்.ஐ.இ.எஃப் என்று கல்விப் பரிமாற்ற அமைப்புகள் உண்டு, இரண்டிலும் எஜுகேஷன் யூ.எஸ்.ஏ. என்ற அமெரிக்க அரசின் கல்வி ஆலோசனைத் திட்டத்தின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கமிஷன் வாங்காதவர்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரயில் பயணம்தான்.

ஆஸ்திரேலியா பெரும்பாலும் தாளை வைத்தே முடிவெடுக்கும். 2025 ஜூலையிலிருந்து விசா விண்ணப்பக் கட்டணம் 2,000 ஆஸ்திரேலிய டாலர், நிராகரித்தால் திரும்பாது. ஒரு தாள் குறைகிறதே என்று அவர்கள் கேட்டு வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இருப்பதை வைத்து முடிவெடுத்துவிடலாம். 2024 மார்ச்சிலிருந்து ‘உண்மையான மாணவர்’ என்ற பகுதியில் சில கேள்விகள் கேட்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில். உன் குடும்ப நிலைமை என்ன, ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நாட்டில், இந்தக் கல்வி நிறுவனத்தில், இதனால் உனக்கு என்ன பயன். இந்தப் பதில்களைத்தான் கன்சல்டன்சிகள் அச்சுவார்த்தது போல் எழுதித் தருகின்றன. ஊர் பெயரையும் படிப்பின் பெயரையும் மாற்றினால் அடுத்த மாணவருக்கும் பொருந்தும் பத்திகள். ஒரே வாக்கியத்தை நூறு விண்ணப்பங்களில் படித்த அதிகாரி என்ன நினைப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் மாணவியிடம் எழுதுவதற்கு நல்ல விஷயம் இருக்கிறது. நவல்பராசியின் குழாய்க் கிணற்று நீரில் ஆர்சனிக் கலந்திருப்பது பல ஆண்டுகளாக அறிந்த பிரச்சினை. அவள் வேதியியல் மாணவி, அந்தத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள். நீர்வேதியியலிலோ சுற்றுச்சூழல் வேதியியலிலோ முதுகலை படிக்க விரும்புகிறாள் என்றால் ஏன் என்பதை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. அதுவே கணக்கியல் டிப்ளமோவில் சேர்த்துவிட்டிருந்தால், வேதியியலிலிருந்து ஏன் அங்கே தாவினாய் என்பதற்கு உலகத்தில் எந்த கன்சல்டன்சியாலும் நல்ல பதில் எழுத முடியாது. இந்த ஆர்வம் அவளுக்கு உண்மையிலேயே இருந்தால் மட்டும் இதை எழுதட்டும். இல்லாத ஆர்வத்தை நான் சொல்லிக் கொடுத்தால், எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் முடிவு கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால். ஐ-20 வந்ததும் செவிஸ் என்னும் வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கான கட்டணம் 350 டாலர், டி.எஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவம், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், பிறகு நேர்காணல். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். நேர்காணல் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். சுமந்துகொண்டு போகும் கோப்பை அதிகாரி திறக்காமலே முடிப்பதும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தின் 214-பி பிரிவுப்படி, குடியேறவே வருகிறார் என்று வைத்துக்கொண்டுதான் அவர் தொடங்குகிறார், இல்லை என்று காட்டும் பொறுப்பு மாணவருடையது. ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் “உலகத்தரமான பேராசிரியர்கள், பன்முகக் கலாசாரம்” என்று மனப்பாடமாக ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும். எந்த ஆய்வகம், என்ன பாடம், செலவில் எவ்வளவு அப்பா, எவ்வளவு கடன், எவ்வளவு உதவித்தொகை என்பதைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தால் போதும். ஆங்கிலம் இலக்கணச் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் வர வேண்டும். இதில் வகுப்பறையில் நீங்களே அவளுக்கு உதவலாம்: வரிசை மாற்றிக் கேளுங்கள், நடுவில் குறுக்கிட்டு அப்பாவின் சம்பளத்தைக் கேளுங்கள். பதிலை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கப்படலாம், இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அமெரிக்கா தரும் 214-பி தாளில் எல்லோருக்கும் ஒரே வாசகம்தான், அவளுக்கென்று காரணம் எழுதியிருக்காது. மேல்முறையீடு இல்லை, மறுபடி விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. அதே வகை விசாவுக்கு ஓராண்டுக்குள் மறுபடி போனால் செவிஸ் கட்டணத்தைத் திரும்பக் கட்ட வேண்டாம், 185 டாலரைக் கட்டியாக வேண்டும். கோப்பில் எதுவும் மாறாமல் அடுத்த மாதமே போய் நிற்பதில் பயனில்லை என்பது என் அனுபவம். ஆஸ்திரேலிய நிராகரிப்பு காரணத்தோடு வரும், அதை வரி வரியாகப் படித்தால் எந்தத் தாள் பற்றாமல் போனது என்று பெரும்பாலும் தெரியும். எந்த நாட்டில் மறுத்திருந்தாலும் அடுத்த விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் ஆமாம் என்றே எழுத வேண்டும். மறைத்தால் மறுப்பைவிட மறைப்பு பெரிய குற்றமாகிவிடும்.

மற்ற நாடுகளையும் அவள் யோசித்தால் சுருக்கமாக: பிரிட்டனில் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும், ஒருநாள் குறைந்தாலும் செல்லாது. 2025 நவம்பரிலிருந்து லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171, ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். நேபாளிகளுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று கட்டாயம். கனடாவில் கல்விக் கட்டணம் போக 2025 செப்டம்பரிலிருந்து 22,895 கனடிய டாலர். நேபாளத்தில் கனடாவுக்குத் தூதரகம் இல்லாததால் டெல்லித் தூதரகமே அந்த நாட்டையும் கவனிக்கிறது. ஜப்பானில் 2024 மே நிலவரப்படி 64,000-க்கு மேற்பட்ட நேபாள மாணவர்கள், சீனர்களுக்கு அடுத்த இடம். பெரும்பாலும் மொழிப்பள்ளி வழியாகப் போகிறவர்கள். அங்கே விசாவுக்கு முன் ஜப்பானியக் குடிவரவுத் துறையின் தகுதிச் சான்று வர வேண்டும். வேதியியல் முதுகலைக்கு மொழிப்பள்ளிப் பாதை அவளுக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த விடுமுறையில் அவள் ஊருக்குப் போகும்போது முதல் வேலை வார்டு அலுவலகமாக இருக்கட்டும். அதற்கு முன் தன்னுடையதும் அப்பா அம்மாவுடையதுமான எல்லாத் தாள்களையும் ஒரே மேசையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றும் எங்கே இடிக்கின்றன என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போகட்டும். அப்பாவிடம் கத்தார் வங்கிக் கணக்கு விவரத்தை ஓராண்டுக்குக் கேட்டு வாங்கட்டும். அதைப் பார்த்த பிறகு கடன் எவ்வளவு தேவைப்படும் என்று என்னால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும். இங்கே எழுதும்போது தொகைகளையும் மாதங்களையும் மட்டும் எழுதுங்கள், பெயரும் கணக்கு எண்ணும் வேண்டாம்.